அயல்நாட்டுப் பெட்டியும் நம்மூர் மின்சாரமும்

அயல்நாட்டிலிருந்து வரும் எந்த மின்கருவியின் முதுகிலும் விரலகலத்தில் ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். கருவியின் முகத்தைப் பார்த்து மகிழ்கிற நம்மவர்கள் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தகட்டிலோ இரண்டு எண்கள் தலையாயவை. ஒன்று வோல்ட், மற்றொன்று ஹெர்ட்ஸ். அரபு நாடுகளில் விற்பதற்கென ஆக்கப்பட்ட பொருளாயின் உடன்வரும் விளக்கப் புத்தகத்தில் இவற்றை அரபியிலும் காணலாம். வோல்ட் அளவை அரபியர் ‘ஜஹ்து’ என்பர். முயற்சி, உந்துதல் என்று பொருள்படும் சொல். ஜிஹாத், இஜ்திஹாத் ஆகிய சொற்கள் பிறந்த அதே வேர். ஹெர்ட்ஸ் என்னும் அளவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தரத்துத்’. போவதும் மீள்வதுமாக இருத்தல் என்பது அதன் பொருள். முடிவுக்கு வராமல் ஊசலாடும் மனத்தின் தயக்கத்துக்கும் அதுவே சொல். மின்சாரத்தையே அவர்கள் ‘கஹ்ரபா’ என்கிறார்கள். அது பாரசீகச் சொல். வைக்கோலைக் கவர்வது என்பது அதன் நேர்ப்பொருள். உறைந்த மஞ்சள் மரப்பிசினைத் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும் என்பதால் பிசினுக்கு வந்த பெயர், பின்னர் மின்சாரத்துக்கு ஆயிற்று. ஆங்கிலச் சொல்லும் அதே பிசினுக்குக் கிரேக்கர் இட்ட பெயரிலிருந்து வந்ததுதான். நாமோ வானத்தைப் பார்த்து, மின்னலிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டோம்.

சொல்லாராய்ச்சி போதும். தகட்டிலுள்ள இரண்டு எண்களில் முதல் எண்ணை இப்போது பலரும் அறிந்திருக்கிறார்கள். இரண்டாம் எண்ணை அறிந்தவர் சிலரே. பெரும்பாலும் ஏமாற்றமும் நட்டமும் இரண்டாவதில்தான் ஒளிந்திருக்கின்றன.

திருவண்ணாமலை, வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஓர் ஊராக இருந்த காலத்தில், அதாவது 1989-க்கு முன், எங்கள் உறவினர் ஒருவர் சவூதி அரேபியாவிலிருந்து இசைத்தட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அந்நாட்டு வீடுகளில் அப்போது 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். நம் வீடுகளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவர் விவரம் அறிந்தவர். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். கருவி எரியவில்லை, புகையவில்லை. தட்டு சுழன்றது. நாகூர் ஈ. எம். ஹனீபா பாடத் தொடங்கினார். ஆனால் உச்சத்தில் முழங்கும் அந்தக் குரல் எங்கே? சளி பிடித்த ஒரு முதியவர் சோம்பலோடு இழுத்துப் பாடுவதுபோல் இருந்தது. இசைத்தட்டுதான் பழுது என்றார் ஒருவர். ஊசி தேய்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். ஊசியை மாற்றியும் பார்த்தார்கள்.

பழுது தட்டிலும் இல்லை, ஊசியிலும் இல்லை. அத்தகைய கருவியின் மோட்டார், மின்சாரத்தின் ஊசலாட்டத்தை எண்ணி எண்ணிச் சுழல்வது. நொடிக்கு 60 தடவை ஊசலாடும் மின்சாரத்தை எதிர்பார்த்து ஆக்கப்பட்டது, 50 தடவையே கிடைத்தால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மேலாக ஓட வேண்டிய தட்டு இருபத்தெட்டுக்கும் குறைவாக ஓடும். இருபது நிமிடப் பாட்டு இருபத்து நான்கு நிமிடம் நீளும். சுருதியும் அதே கணக்கில் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு வந்துவிடுவார். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமேயன்றி ஹெர்ட்ஸை மாற்றாது. அதே உறவினர் கொண்டுவந்த கேஸட் பெட்டி ஒழுங்காகப் பாடியதற்கும் காரணம் உண்டு. கேஸட் பெட்டிகளின் மோட்டார் பெரும்பாலும் நேர்மின்சாரத்தில் ஓடுவது. ஊசலாட்டம் அதற்குப் பொருட்டன்று.

குவைத்திலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கெல்லாம் 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தமும் நம்முடையதை ஒட்டியதே. சவூதி அரசும் 2010-இல், வீடுகளுக்கான மின்னழுத்தத்தைப் படிப்படியாக 230 வோல்ட்டுக்குக் கொண்டுவர முடிவு செய்தது. 60 ஹெர்ட்ஸ் மட்டும் அப்படியே நிற்கிறது.

உலகம் ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. 1882-இல் நியூயார்க்கில் எடிசன் மின்சாரம் விற்கத் தொடங்கியபோது, அவருடைய கரி இழை விளக்குகள் தாங்கக்கூடிய அளவாகிய 110 வோல்ட்டை ஒட்டி வைத்துக்கொண்டார். பின்னால் அமெரிக்கா மாறுமின்சாரத்துக்கு வந்தபோதும் அந்த அளவையே பிடித்துக்கொண்டது. 60 ஹெர்ட்ஸ் அங்கே நிலைத்தது. ஜெர்மானியர் வேறு கணக்குப் போட்டார்கள். மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும், கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கில் ஒரு பங்காகக் குறையும், செம்பு மிச்சம். எனவே அவர்கள் 220-க்குப் போனார்கள். 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தார்கள். ஜப்பானின் கதைதான் வேடிக்கை. தோக்கியோவினர் 1895-இல் ஜெர்மனியிலிருந்து மின்னாக்கிகளை வாங்கினர். ஒசாகாவினர் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து வாங்கினர். அன்று முதல் இன்று வரை அந்நாட்டின் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60. 2011 நிலநடுக்கத்துக்குப் பின் கிழக்கே மின்சாரம் இல்லாமல் தவித்தபோது மேற்கிலிருந்து சிறிதளவே கொடுக்க முடிந்தது. ஒரே நாடு, ஒரே மொழி. ஆயினும் பண்டகசாலைக்காரர் இருவர் நூறாண்டுக்கு முன் எழுதிய கொள்முதல் சீட்டு அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊர் கோயில் நகரம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டம் ஒரு பக்கம் இருக்க, செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டி ஆண்டுதோறும் மாதக்கணக்கில் தங்கும் அயல்நாட்டார் வேறு உண்டு. ஊர் திரும்பும்போது அவர்கள் தூக்கிச்செல்ல முடியாத பொருள்களை விற்றுவிட்டுப் போவார்கள். மிதிவண்டி, மெத்தை, சமையற்பாத்திரம் என்று எல்லாம் விலைக்கு வரும். அப்படி ஓர் அமெரிக்கர் விற்ற கிதார் ஆம்ப்ளிபயரை என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் வாங்கிவிட்டான். அவன் இப்போது திருமணங்களிலும் மீலாது விழாக்களிலும் பாடும் ஓர் இன்னிசைக் குழுவில் இருக்கிறான். பழைய வகைப் பெட்டி, வால்வு வைத்தது. அவனுடைய ஆறு மாதச் சேமிப்பு அதில் அடங்கியிருந்தது.

இசைக் கருவிகள் குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு வாசகர்கள் அறிந்ததே. அந்தக் கதவை நான் இங்கே திறக்கப்போவதில்லை. என்னிடம் அவன் ஃபத்வா கேட்டு வரவுமில்லை. திருவிழாக்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காத்தவர் என் அத்தா என்பதும், மத்ரஸா விடுமுறைகளில் அவருடைய அஹுஜா ஆம்ப்ளிபயரையும் பாட்டரியையும் சுமந்து திரிந்தவன் நான் என்பதும் அவனுக்குத் தெரியும். உயிரைக் காப்பதும் பொருளைக் காப்பதும் ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களுள் அடங்கியவை என்று இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். அவன் கேள்வி அந்த இரண்டைப் பற்றியது.

“ஹஜ்ரத், பின்னை மட்டும் மாற்றிவிட்டு நேரே செருகலாமா?” என்றான்.

“முதுகைக் காட்டு” என்றேன்.

120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 180 வாட் என்றிருந்தது. இக்காலத்துக் கைப்பேசி சார்ஜர்களிலும் மடிக்கணினிகளிலும் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அவற்றுக்குப் பின்னை மட்டும் மாற்றினால் போதும். எந்த நாட்டு மின்சாரத்தையும் அவை உண்டு செரித்துவிடும். சில ஆம்ப்ளிபயர்களில் 115-க்கும் 230-க்கும் நகர்த்தும் சிறு தாழ் ஒன்று இருக்கும். அதை நகர்த்துவோர் ஃபியூஸையும் மாற்ற வேண்டும். மின்னழுத்தம் இரட்டிக்கும்போது மின்னோட்டம் பாதியாவதால் ஃபியூஸும் பாதி அளவினதாக வேண்டும். இவனுடைய பெட்டியில் இரண்டும் இல்லை. 120 மட்டுமே, 60 மட்டுமே. இதை நம் சுவரில் நேரே செருகினால் உள்ளிருக்கும் வால்வுகளின் இழைக்கு 6 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் போகும். 450 வோல்ட் தாங்குகிற மின்தேக்கிகள் அதற்கு இருமடங்கைச் சந்தித்து வெடிக்கும். ஃபியூஸ் நல்லதாயிருந்தால் அது முதலில் உயிர்விட்டு மற்றவற்றைக் காக்கும். ஃபியூஸ் போகும் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறதே, அங்கே அந்தக் காவலும் இல்லை.

அவனுக்கு மூன்று யோசனைகள் வந்து சேர்ந்தன. ஒருவர், ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார். ஸ்டெபிலைசர் என்பது 230-ஐ 230-ஆகவே நிறுத்த முயல்வது. மாலையில் விளக்கு மங்கும்போதும் நள்ளிரவில் ஏறும்போதும் சரிசெய்யும். அது 120-ஐத் தராது. இன்னொருவர், பழைய முறைப்படி நூறு வாட் பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து மின்சாரத்தைக் குறைக்கலாம் என்றார். ஒரே அளவாக மின்சாரம் உண்ணும் பொருளுக்கு அது ஒருவாறு பொருந்தும். ஆம்ப்ளிபயரோ பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அதிகம் உண்ணும், அமைதியானால் குறைவாக உண்ணும். அதற்கேற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்கித் தத்தளிக்கும். மூன்றாவது யோசனை பணத்தோடு வந்தது. சென்னையில் ஒரு கடையில் உள்ளங்கையில் அடங்கும் ‘கன்வெர்ட்டர்’ ஒன்றை 1600 வாட் என்று சொல்லி விற்றார்கள். அவன் அதை வாங்கியே வந்துவிட்டான்.

கையில் எடுத்தேன், எலுமிச்சம்பழத்தின் கனம்தான் இருந்தது. 1600 வாட் தாங்கும் உண்மையான மின்மாற்றியை ஒருவர் தூக்கினால் இடுப்பு வலிக்கும். இந்தச் சிறு பெட்டி மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை. அலையின் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. தலைமுடி உலர்த்தியும் இஸ்திரிப் பெட்டியும் வெட்டுண்ட அலையைப் பொறுத்துக்கொள்ளும். சூடாவதொன்றே அவற்றின் வேலை. இசைக் கருவிக்கு அது நஞ்சு. முழக்கமும் கரகரப்பும் ஒரு பக்கம். வெட்டுப்படாத உச்சங்கள் உள்ளே நுழைந்து பாகங்களைக் கொல்வது மறுபக்கம். திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். கடைக்காரர் பணத்தைத் தரவில்லை. பெட்டியின் அடியில், மின்னணுக் கருவிகளுக்குப் பயன்படுத்தலாகாது என்று எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதை வாங்குமுன் காட்டியிருக்கலாம்.

அவனுக்கு வேண்டியிருந்தது இரும்பும் செம்புமாய்க் கனக்கும் மின்மாற்றி. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒரே சுருளில் நடுவே கிளை எடுத்து வைப்பது ஒரு வகை, மலிவானது. அதில் சுருள் ஓரிடத்தில் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் நேரே கருவிக்குள் பாய்ந்துவிடும். இரண்டு தனித்தனிச் சுருள்கள் கொண்டது மற்றொரு வகை. விலையும் எடையும் கூடுதல், அச்சம் குறைவு. 180 வாட் கருவிக்கு 180 வாட் மின்மாற்றி என்று கணக்கிடுவது, நாலு பேர் வீட்டுக்கு நாலு ஆழாக்கு அரிசியை அளந்து உலையேற்றுவது போன்றது. 400, 500 வாட் என்று தாராளமாகச் சொல்ல வேண்டும்.

வோல்ட் முடிந்தது. ஹெர்ட்ஸ் இருக்கிறதே! ஆம்ப்ளிபயருக்குள் சுழலும் மோட்டார் இல்லை. எனவே சுருதி இறங்காது. (சுருதி இறங்கும் இசைக் கருவியும் உண்டு. கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்த ஹேமண்ட் என்னும் அமெரிக்கர் 1935-இல் வெளியிட்ட மின் ஆர்கன், கடிகார மோட்டாரின் சுழற்சியிலிருந்தே நாதத்தை எடுக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்கு ஆக்கியதை இங்கே மாட்டினால், வாசிப்பவர் எந்தக் கட்டையை அழுத்தினாலும் மூன்று அரைச்சுரம் கீழேதான் பேசும்.) ஆம்ப்ளிபயரின் தொல்லை வேறிடத்தில். அதன் உள்ளேயே ஒரு மின்மாற்றி இருக்கிறது. அதற்குள் இரும்புத் தகடுகள். ஒவ்வோர் ஊசலாட்டத்திலும் அந்த இரும்பு காந்தத்தால் நிரம்பி, காலியாகி, எதிர்த்திசையில் நிரம்புகிறது. குழாயடியில் வைத்த குடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு பாதி அலை நொடியில் 120-இல் ஒரு பங்கு நேரம் நீடிக்கும். 50 ஹெர்ட்ஸிலோ 100-இல் ஒரு பங்கு. குழாய் ஐந்தில் ஒரு பங்கு அதிக நேரம் திறந்திருக்கிறது. குடம் சிறிதாயின் வழிகிறது. இரும்பு வழியும்போது சுருளில் மின்னோட்டம் திடீரென உயர்ந்து சூடாகிறது. பெரும்பாலான தொழிற்சாலைகள் 50-க்கும் தாங்கும்படி இரும்பைத் தாராளமாகவே வைக்கின்றன. அவை தகட்டில் 50/60 என்று எழுதிவிடும். 60 என்று மட்டும் எழுதியவன் அந்த உறுதியைத் தரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. குழாய் அதிக நேரம் திறந்திருந்தால் நீரின் வேகத்தைக் குறைத்துவிடலாம். 60-க்கு 120 வோல்ட் என்றால் 50-க்கு 100 வோல்ட். அப்போது குடம் முன்போலவே நிரம்பும். ஆனால் 100 மட்டும் கொடுத்தால் வால்வுகளின் இழை போதிய சூடு காணாது, ஒலியும் சோரும். எனவே 100, 110, 120 என்று மூன்று கிளைகள் உள்ள மின்மாற்றியைச் சுற்றித் தரும்படி, அத்தொழில் தெரிந்த ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தோம். நடுக்கிளையில் மாட்டி இரண்டு மணிநேரம் வாசிக்க விட்டு, பெட்டியின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். 120-இல் அதே இரண்டு மணிநேரத்தில் கையை வைக்க முடியவில்லை. 110-லேயே இருக்கட்டும் என்று முடிவு செய்து, மற்ற இரண்டு துளைகளையும் அவன் மூடி ஒட்டிவிட்டான். மாலை வேளையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் இறங்கினால் இதுவும் சற்று இறங்கும். பழைய விதிகளே மேலும் கீழும் நூற்றுக்கு ஆறு வரை ஏற்றத்தாழ்வை அனுமதித்திருந்தன. அதனால் கெடுதி இல்லை.

பொருள் காக்கப்பட்டது. உயிரைப் பற்றிய செய்தி மூன்றாவது கம்பியில் இருக்கிறது. அமெரிக்கப் பின்னில் இரண்டு தட்டைக் கால்களோடு உருண்டையாக ஒரு மூன்றாம் கால் உண்டு, அது எர்த். நம் கடைகளில் விற்கும் மாற்றுப் பின்கள் பலவற்றில் அந்தக் காலுக்கு ஒரு துளை மட்டும் இருக்கும், உள்ளே தொடர்பு இராது. மின்மாற்றிப் பெட்டிகளிலும் சிலவற்றில் வெளிவாயில் இரு துளையோடு முடிந்துவிடுகிறது. இன்னும் சிலர், முழக்கம் கேட்கிறது என்று மூன்றாம் காலை வெட்டியே விடுவார்கள். கிதார் வாசிப்பவனுக்கு இதனால் வரும் ஆபத்து மற்றவர்க்கு வருவதினும் பெரிது. கிதாரின் உலோகத் தந்தி, கம்பியின் உறை வழியாக ஆம்ப்ளிபயரின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. அவன் இரு கைகளும் தந்திமேல், உதடுகள் மைக்கின்மேல், மைக்கோ இன்னொருவருடைய ஆம்ப்ளிபயரோடு இணைந்தது. இரண்டில் ஒரு சட்டத்தில் மின்சாரம் கசிந்து, அதற்கு எர்த் இல்லையென்றால், அது போகும் வழி அந்தப் பிள்ளையின் நெஞ்சு.

இது கற்பனை அன்று. 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் என்னும் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே விழுந்து மாண்டார். 1976 மே மாதத்தில் கீத் ரெல்ஃப் என்னும் பாடகர் தம் வீட்டிலேயே மின்கிதாரை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். தொழில் தெரிந்தவர்கள், பெரிய மேடைகள், செல்வ நாடு. நம்முடையதோ மழைத்தூறலில் நனைந்த பந்தல், வாடகை ஜெனரேட்டர், ஒட்டுப்போட்ட கம்பி.

நம் நாட்டு முப்பின் சாக்கெட்டில் மேலே உள்ள துளை ஏன் பெரிது, அதற்குரிய கால் ஏன் நீளம் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விடுபட வேண்டும் என்பதற்காகத்தான். அவ்வளவு கருத்தோடு செய்த ஏற்பாட்டை இரண்டு தீக்குச்சிகளைச் செருகித் தோற்கடிக்கிறோம். அரபியில் எர்த்துக்குத் ‘தஃரீள்’ என்று பெயர். அர்ளு, அதாவது பூமி, அதிலிருந்து வந்தது. பூமியோடு சேர்த்தல் என்பதை அந்தச் சொல்லே உரைத்துவிடுகிறது. ஆனால் சேர்ப்பதற்குப் பூமி ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் மண் பாறையும் சரளையுமானது. கோடையில் வறண்டு கிடப்பது. கரியும் உப்பும் இட்டுப் புதைத்த எர்த் குழி, சித்திரையில் வெறும் குழியாகவே நிற்கும்.

மின்மாற்றியில் எர்த் கம்பி நேரே வெளிவாயில் வரை போகும்படி செய்தோம். வீட்டுப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் சாதனம் ஒன்றையும் வைக்கச் சொன்னேன். விழா நடக்கும் இடங்களுக்கு அது போதாது. அங்கே என் அத்தா செய்த சோதனையே எனக்குத் தெரிந்த வழி. நூறு வாட் பல்பின் ஒரு முனையை மின்சாரக் கம்பியிலும் மறுமுனையை நியூட்ரலிலும் வைத்துப் பார்ப்பார். பிறகு நியூட்ரலை விட்டு எர்த்தில் வைப்பார். இரண்டிலும் ஒளி ஒன்றாக இருந்தால்தான் மைக்கைப் பாடகர் கையில் கொடுப்பார். இதைத் தொழில் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்யக் கூடாது.

அண்மையில் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் நடந்த விழாவன்று மாணவன் அந்தப் பெட்டியோடு வந்தான். மேடைக்கு மின்சாரம் தந்தவர், எர்த் எல்லாம் இருக்கிறது என்று சொன்னார். பல்பை வைத்துப் பார்த்தோம். நியூட்ரலில் வெள்ளையாக எரிந்தது, எர்த்தில் அணையப்போகும் கொள்ளிபோலச் சிவந்து நின்றது. விழாக் குழுவினர் முகம் சுளித்தார்கள். பேச்சாளர் வந்து காத்திருந்தார். ஹவுளிலிருந்து நான்கு குடம் தண்ணீரை மொண்டு எர்த் குழியில் ஊற்றச் சொன்னேன். கால்மணி நேரத்தில் பல்பு பாதி வெளிச்சம் காட்டியது. மேலும் நான்கு குடம் ஊற்றினார்கள். இரண்டு ஒளிக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு வந்த பிறகே அவன் கிதாரைத் தோளில் மாட்டினான். நிகழ்ச்சி நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.